இரட்டைக் கர்ப்பத்தில் முன்கூட்டியே வலி வந்தால்: எந்த மருந்து, எவ்வளவு நேரம், எதற்காக

இரட்டைக் குழந்தைகளைச் சுமக்கும் ஒரு பெண் 28-வது வாரத்திலோ 30-வது வாரத்திலோ வயிறு இறுகி லேபர் வார்டுக்கு வந்தால், அவளும் கூட வந்தவர்களும் முதலில் கேட்பது, "வலியை நிறுத்திடலாம் இல்லையா சிஸ்டர்?" என்றுதான். பல வருடம் பிரசவ வார்டில் நர்ஸாக வேலை பார்த்த எனக்கு அந்தக் கேள்விக்குப் பின்னால் இருக்கும் தவிப்பு தெரியும். பதிலைப் பூசி மெழுகாமல் சொல்கிறேன். கொஞ்ச நேரத்துக்கு நிறுத்திப் பார்க்கலாம். பெரும்பாலும் இரண்டு நாள், அதுவும் மருந்து வேலை செய்தால். பிரசவத்தை வாரக்கணக்கில் தள்ளிப்போடும் என்று நிரூபிக்கப்பட்ட வலி நிறுத்தும் மருந்து எதுவும் இன்றுவரை கிடையாது.

அந்த இரண்டு நாளில் என்ன செய்கிறோம் என்பதில்தான் குழந்தைகளின் நலன் இருக்கிறது. நுரையீரலைப் பக்குவப்படுத்தும் ஸ்டீராய்டு ஊசி வேலை செய்ய நேரம் வேண்டும். குறைமாதக் குழந்தைகளைப் பார்க்க வசதி இல்லாத மருத்துவமனையில் இருந்தால், வசதியுள்ள இடத்துக்குத் தாயைக் கொண்டுபோக நேரம் வேண்டும். வலி நிறுத்தும் மருந்து இந்த நேரத்தை வாங்கித் தருவதற்கு மட்டும்தான். ஆகவே "இந்த நேரத்துக்கு நாம் கொடுக்கும் விலை எவ்வளவு?" என்று கேட்டுத்தான் மருந்துகளை ஒப்பிட வேண்டும். இரட்டைக் கர்ப்பத்தில் அந்த விலை கூடுதல்.

முதல் கேள்வி: இது உண்மையிலேயே பிரசவ வலியா?

இரட்டைக் கர்ப்பத்தில் கர்ப்பப்பை அளவுக்கு மீறி விரிந்திருப்பதால் பொய்வலி அடிக்கடி வரும். சிறுநீர்த் தொற்று இருந்தாலும், உடம்பில் நீர்ச்சத்து குறைந்தாலும் வயிறு இறுகும். குறைமாத வலி என்று மருத்துவரே முடிவு செய்து அனுமதிக்கும் பெண்களில்கூட அடுத்த ஒரு வாரத்துக்குள் பிரசவிப்பவர்கள் 10 சதவீதத்துக்கும் குறைவு என்று அமெரிக்க மகப்பேறு மருத்துவர்கள் சங்கத்தின் வழிகாட்டி குறிப்பிடுகிறது. அது எல்லாக் கர்ப்பங்களையும் சேர்த்த கணக்கு. இரட்டையில் ஆபத்து கூடுதல்தான். இரட்டைப் பிரசவங்களில் பாதிக்கு மேல் 37 வாரம் நிறையும் முன்பே நடந்துவிடுகின்றன. ஆனாலும் இறுக்கம் வந்த ஒவ்வொரு முறையும் மருந்து ஏற்றினால், தேவையே இல்லாத நிறையப் பெண்களும் அதன் பக்கவிளைவுகளைச் சுமப்பார்கள்.

அதனால் மருந்துக்கு முன் பரிசோதனை. உள்வழி (பிறப்புறுப்பு வழி) ஸ்கேனில் கர்ப்பப்பை வாயின் நீளம் 30 மில்லிமீட்டருக்கு மேல் இருந்தால் ஓரளவு மூச்சு விடலாம். 15-க்கும் கீழே போயிருந்தால் அவசரம். இடைப்பட்ட அளவுகளில், வசதி இருக்கும் இடங்களில், ஃபைப்ரோநெக்டின் என்ற புரதம் பிறப்புறுப்புக் கசிவில் இருக்கிறதா என்று பார்க்கும் பரிசோதனை உதவும். முடிவு நெகட்டிவ் என்று வந்தால் உடனடிப் பிரசவத்துக்கு வாய்ப்பு குறைவு என்று நம்பலாம். பாசிட்டிவ் என்று வருவதை அந்த அளவுக்கு நம்ப முடியாது. மாதிரியை உள்பரிசோதனைக்கு முன்பே எடுத்துவிட வேண்டும்; அவசரத்தில் இந்த வரிசை பல நேரம் மாறிப்போகிறது.

இரட்டையில் ஏன் தனிக் கவனம்

இரட்டைக் கர்ப்பத்தில் ரத்தத்தின் நீர்ப்பகுதி ஒற்றைக் கர்ப்பத்தில் கூடுவதைவிட அதிகமாகக் கூடுகிறது. இதயம் நிமிடத்துக்கு வெளியேற்றும் ரத்தமும் அதிகம். ரத்தசோகையும் சகஜம். இதயமும் நுரையீரலும் ஏற்கெனவே முழு வேலை செய்துகொண்டிருக்கின்றன. அதன்மேல் வலி நிறுத்தும் மருந்து, ஸ்டீராய்டு ஊசி, "வலி அடங்கட்டும்" என்று வேகமாக ஓடவிடும் சலைன் எல்லாம் சேரும்போது நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும் ஆபத்து உண்டு. இந்த ஆபத்தைக் கூட்டும் காரணங்களில் இரட்டைக் கர்ப்பமும் ஒன்று என்பது நெடுங்காலமாக அறிந்த விஷயம்.

அது எப்படித் தொடங்கும் என்பதை வீட்டார் தெரிந்துவைத்திருப்பது நல்லது. முதலில் அந்தப் பெண் இன்னொரு தலையணை கேட்பாள். மல்லாக்கப் படுத்தால் ஒருமாதிரி இருக்கிறது என்பாள். சின்ன வறட்டு இருமல் வரும். வயிறு பெரிதாக இருப்பதால் இதெல்லாம் சாதாரணம் என்று எல்லோரும், அவளும்கூட, நினைத்துக்கொள்வார்கள். அதற்குள் நாடித்துடிப்பு 120-ஐத் தாண்டியிருக்கும். விரலில் மாட்டிய கருவியில் ஆக்சிஜன் அளவு 95-க்குக் கீழே இறங்கியிருக்கும். இந்த நிலையில் மருந்தை உடனே நிறுத்தி, சலைனைக் குறைத்து, ஆக்சிஜன் வைத்தால் பெரும்பாலும் சமாளித்துவிடலாம். தாமதித்தால் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போக நேரிடும். வலி நிறுத்தும் மருந்து ஏறும்போது உள்ளே போகும் நீரையும் வெளியே வரும் சிறுநீரையும் மணிக்கொருமுறை எழுதிவைப்பதை வெறும் சடங்காக யாரும் நினைக்கக் கூடாது.

இன்னொன்று. இந்த மருந்துகளைப் பற்றிய ஆய்வுகளில் பெரும்பாலானவை ஒற்றைக் கர்ப்பங்களை வைத்து நடந்தவை. இரட்டைக் கர்ப்பங்கள் அவற்றில் ஒரு சிறு பங்கு. பலனை ஒற்றையிலிருந்து கடன் வாங்கிப் பேசுகிறோம். ஆபத்து மட்டும் இரட்டைக்கே உரியதாக நேரில் வந்து நிற்கிறது. என் சாய்வு எப்போதும் ஒரே மருந்து, குறைந்த நேரம் என்ற பக்கம் இருப்பதற்கு இதுதான் காரணம்.

நிஃபெடிபினும் அடோசிபானும்

இன்று உண்மையான போட்டி இந்த இரண்டுக்கும்தான்.

நிஃபெடிபின் ரத்த அழுத்தத்துக்கான மாத்திரை. கர்ப்பப்பைத் தசைக்குள் கால்சியம் நுழைவதைத் தடுத்து இறுக்கத்தைத் தளர்த்துகிறது. வாய்வழி கொடுக்கலாம், விலை குறைவு, எங்கும் கிடைக்கும். உலக சுகாதார நிறுவனம் 2022-ல் வெளியிட்ட பரிந்துரையில், உரிய நிபந்தனைகள் பொருந்தினால், குறைமாத வலிக்கு இதைத்தான் முன்வைக்கிறது. பக்கவிளைவுகள் அதன் வேலையிலிருந்தே வருபவை: ரத்தக்குழாய் விரிவதால் முகம் சிவந்து சூடாகும், தலை விண்விண்ணென்று வலிக்கும், படபடப்பு வரும், ரத்த அழுத்தம் இறங்கும். ஏற்கெனவே அழுத்தம் குறைவாக உள்ளவருக்கும் இதய நோய் உள்ளவருக்கும் இது ஏற்றதல்ல. மாத்திரையை நாக்குக்கு அடியில் வைத்துக் கொடுக்கும் பழைய பழக்கம் கூடவே கூடாது. அழுத்தம் திடீரென்று சரிந்தால் கர்ப்பப்பைக்குப் போகும் ரத்தமும் குறையும், இரண்டு குழந்தைகளும் தவிக்கும்.

அடோசிபான், வலியைத் தூண்டும் ஆக்சிடோசின் ஹார்மோன் போய் உட்காரும் இடத்தை அடைத்துக்கொள்கிறது. நரம்பில் முதலில் 6.75 மி.கி., பிறகு மூன்று மணி நேரத்துக்கு மணிக்கு 18 மி.கி., அதன்பின் மணிக்கு 6 மி.கி. என்று அதிகபட்சம் 45 மணி நேரம் ஓடும். தாயின் இதயத்தையும் ரத்த அழுத்தத்தையும் அதிகம் சீண்டாது; அதன் பெரிய பலம் இதுதான். ஐரோப்பாவில் புழக்கத்தில் உள்ளது. அமெரிக்காவில் அனுமதி கிடைக்கவில்லை. விலை பல மடங்கு அதிகம், நரம்புவழி மட்டுமே ஏற்ற முடியும்.

இரண்டையும் நேருக்கு நேர் வைத்துப் பார்த்த பெரிய ஆய்வு நெதர்லாந்திலும் பெல்ஜியத்திலும் நடந்து 2016-ல் லான்செட் இதழில் வந்தது. இரட்டைக் கர்ப்பப் பெண்களும் அதில் இருந்தார்கள். குழந்தைக்கு மோசமான விளைவு ஏற்பட்டது நிஃபெடிபின் தரப்பில் 14 சதவீதம், அடோசிபான் தரப்பில் 15 சதவீதம். அதாவது குழந்தைகளைப் பொறுத்தவரை வித்தியாசம் இல்லை. தாயைப் பொறுத்தவரை அடோசிபான் மென்மையானது. அதனால் இரட்டையில் என் வரிசை இப்படி: தாயின் இதயம் நன்றாக இருந்து, ரத்த அழுத்தமும் சரியாக இருந்தால் நிஃபெடிபினே போதும். மூச்சிரைப்பு, கடுமையான ரத்தசோகை, இதயக் கோளாறு போன்ற சந்தேகம் ஏதாவது இருந்து, மருத்துவர் வலியை நிறுத்தியே ஆக வேண்டும் என்று நினைத்தால், அங்கே அடோசிபானுக்குக் கூடுதலாகச் செலவழிப்பதில் அர்த்தம் இருக்கிறது.

இண்டோமெத்தசின்: வாரத்தைப் பார்த்துத்தான்

வீக்கத்துக்கும் உடல்வலிக்கும் கொடுக்கும் மருந்துக் குடும்பத்தைச் சேர்ந்தது இது. 32 வாரத்துக்கு முன், 48 மணி நேரத்துக்குள் என்றால் நன்றாக வேலை செய்கிறது. தாயின் இதயத்துக்கும் பாரமில்லை. பிரச்சினை குழந்தைகள் பக்கம். வயிற்றுக்குள் இருக்கும்போது திறந்திருக்க வேண்டிய ஒரு ரத்தக்குழாய், இதயத்துக்கு அருகில் உள்ளது, இந்த மருந்தால் சுருங்கலாம். 32 வாரத்துக்குப் பிறகு அந்த ஆபத்து கூடுகிறது. குழந்தையின் சிறுநீர் குறைந்து, அதைச் சூழ்ந்திருக்கும் பனிக்குட நீரும் வற்றலாம். இரண்டு குழந்தைகளும் ஒரே நஞ்சுக்கொடியைப் பகிர்ந்து, ஒன்றுக்குப் பனிக்குட நீர் ஏற்கெனவே குறைவாக இருந்தால் இந்த மருந்தை யோசிக்கவே மிகவும் தயங்க வேண்டும். வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு, ஆஸ்பிரின் ஒத்துக்கொள்ளாத ஆஸ்துமா உள்ள தாய்க்கும் வேண்டாம்.

டெர்பூட்டலின், ரிட்டோட்ரின்

ஆஸ்துமாவுக்குப் பயன்படும் மருந்துக் குடும்பம். தாயின் இதயத்தை ஓட ஓட விரட்டும், சர்க்கரையை ஏற்றும், பொட்டாசியத்தை இறக்கும், நுரையீரலில் நீர் கோக்கும் ஆபத்தையும் கூட்டும். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2011-ல் டெர்பூட்டலினுக்கு மிகக் கடுமையான எச்சரிக்கை விதித்தது. தாய்மார்களுக்குத் தீவிர இதயப் பிரச்சினைகளும் மரணங்களும் நேர்ந்ததால், குறைமாத வலிக்கு இதன் ஊசியை 48 முதல் 72 மணி நேரத்துக்கு மேல் தரக் கூடாது, மாத்திரையாகத் தரவே கூடாது என்றது. ஐரோப்பாவும் 2013-ல் இந்த வகை மாத்திரைகளை மகப்பேறு உபயோகத்திலிருந்து நீக்கியது. இரட்டைக் கர்ப்பத்தில் இதைத் தொடர் மருந்தாகத் தேர்ந்தெடுக்க எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை. "வீட்டுக்குப் போய் இந்த மாத்திரையைத் தொடர்ந்து சாப்பிடுங்க" என்று எழுதித் தந்தால், தயங்காமல் ஏன் என்று கேளுங்கள்.

மக்னீஷியம்: பழைய வேலை வேறு, இப்போதைய வேலை வேறு

மக்னீஷியம் சல்ஃபேட்டை வலி நிறுத்தவென்று பல காலம் கொடுத்தார்கள். அந்த வேலைக்கு அது உதவவில்லை என்று ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது தெரிந்தது. 5 முதல் 7 நாளுக்கு மேல் தொடர்ந்து ஏற்றினால் குழந்தையின் எலும்பில் கால்சியம் குறைகிறது என்று 2013-ல் எச்சரிக்கையும் வந்தது.

ஆனால் இன்னொரு வேலைக்கு அது மிக மதிப்புள்ளது. 32 வாரத்துக்கு முன், பிரசவம் நெருங்கிவிட்டது என்று தெரியும்போது கொடுத்தால், பிழைக்கும் குழந்தைகளுக்கு மூளைவாதம் (கை கால் அசைவைப் பாதிக்கும் மூளைப் பாதிப்பு) வரும் வாய்ப்பைக் குறைக்கிறது. அமெரிக்காவில் நடந்து 2008-ல் வெளியான பெரிய ஆய்வு உட்படப் பல ஆய்வுகள் இதைக் காட்டின. ஆகவே ஒருவர் மக்னீஷியம் ஏற்றலாம் என்றால், "வலி நிறுத்தவா, குழந்தைகளின் மூளைக்காகவா?" என்று கேட்பது நியாயமான கேள்வி. இரண்டாவது என்றால் என் முழு ஆதரவு உண்டு.

வழக்கமாக 4 கிராம், 20 முதல் 30 நிமிடத்தில். பிறகு மணிக்கு 1 கிராம். முதல் டோஸ் ஏறும்போது உடம்பெல்லாம் தீயாய்க் காய்வதுபோல் இருக்கும், குமட்டும், இமை கனக்கும். இதை முன்கூட்டியே சொல்லிவிட்டால் அந்தப் பெண் பயப்பட மாட்டாள். ஒவ்வொரு மணி நேரமும் நர்ஸ் வந்து முழங்காலுக்குக் கீழே சின்னச் சுத்தியலால் தட்டுவார். கால் துள்ள வேண்டும். துள்ளவில்லை என்றால் ரத்தத்தில் மக்னீஷியம் கூடிவிட்டது என்று பொருள். அடுத்துப் பாதிக்கப்படுவது மூச்சு. உடனே நிறுத்த வேண்டும். மாற்று மருந்தான கால்சியம் குளுக்கோனேட் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். மக்னீஷியம் சிறுநீரில்தான் வெளியேறும் என்பதால், சிறுநீர் மணிக்கு 30 மில்லிக்குக் கீழே போனாலும் அதே எச்சரிக்கைதான். நிஃபெடிபினோடு சேர்ந்து ஓடினால் ரத்த அழுத்தமும் தசைகளின் பலமும் சரியலாம், எனவே அந்தச் சேர்க்கையில் இரட்டிப்புக் கவனம் தேவை.

மருந்தே வேண்டாம் என்பதும் ஒரு முடிவு

இதைச் சொன்னால் வீட்டார் முகம் வாடிவிடும், கைவிட்டுவிட்டார்கள் என்று நினைப்பார்கள். அப்படி இல்லை. 2025-ல் லான்செட் இதழில் வந்த ஓர் ஆய்வில் 30 முதல் 34 வாரத்துக்குள் வலி கண்ட பெண்களில் பாதிப்பேருக்கு அடோசிபான், மீதிப்பேருக்கு மருந்தில்லாத வெறும் திரவம் கொடுத்தார்கள். குழந்தைக்குத் தீங்கு நேர்ந்தது ஒரு பக்கம் 8 சதவீதம், மறுபக்கம் 9 சதவீதம். வலியை நிறுத்த முயன்றதால் குழந்தைகளுக்குத் தெளிவான லாபம் கிடைக்கவில்லை. 30 வாரம் தாண்டிய பெண்ணுக்கு, அதுவும் ஸ்டீராய்டு ஏற்கெனவே போட்டு, குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவு உள்ள மருத்துவமனையிலேயே இருந்தால், வலி நிறுத்தும் மருந்து தராமல் காத்திருப்பது முழுக்க மதிக்கத்தக்க முடிவு. 26, 27 வாரத்தில் கணக்கு மாறும். அங்கே ஒவ்வொரு நாளும் பெரிது.

சில நேரம் மருந்து கொடுக்கவே கூடாது. கர்ப்பப்பைக்குள் தொற்று, நஞ்சுக்கொடி பிரிந்து ரத்தப்போக்கு, கடுமையான ரத்த அழுத்த நோய் இருந்தால், அல்லது இரண்டில் ஒரு குழந்தையின் இதயத் துடிப்பு தளர்ந்தால், வயிற்றுக்குள் வைத்திருப்பதே ஆபத்து. 34 வாரம் தாண்டிவிட்டாலும் வலியைத் தடுக்க வேண்டியதில்லை.

ஸ்டீராய்டு ஊசி: தயங்க வேண்டாம்

இத்தனை எடைபோடலுக்கும் நடுவில் நான் தயக்கமில்லாமல் சொல்வது இதை ஒன்றைத்தான். 1972-ல் நியூசிலாந்தின் ஆக்லாந்தில் லிகின்ஸ், ஹவி என்ற இரு மருத்துவர்கள் வெளியிட்ட ஆய்விலிருந்து அரை நூற்றாண்டாக இதன் பலன் திரும்பத் திரும்ப உறுதியாகியிருக்கிறது. குழந்தையின் மூச்சுத்திணறல், மூளைக்குள் ரத்தக்கசிவு, மரணம் மூன்றையும் குறைக்கிறது. பீட்டாமெத்தசோன் என்றால் 12 மி.கி. 24 மணி நேர இடைவெளியில் இரண்டு ஊசி. டெக்ஸாமெத்தசோன் என்றால் 6 மி.கி. 12 மணி நேரத்துக்கு ஒன்றாக நான்கு. இரட்டை என்பதற்காக அளவைக் கூட்டத் தேவையில்லை. தாய்க்குச் சர்க்கரை இருந்தால் சில நாட்களுக்கு அது ஏறும், இன்சுலின் அளவை மாற்ற வேண்டிவரும். சமாளிக்கக்கூடிய விலைதான்.

ஆனால் "இரட்டைதானே, எதற்கும் முன்கூட்டியே போட்டுவைப்போம்" என்று வலியோ வேறு அறிகுறியோ இல்லாதபோது போடுவது தவறு. ஊசி போட்டு ஒரு நாள் கழித்து ஏழு நாளுக்குள் பிரசவம் நடந்தால்தான் பலன் உச்சத்தில் இருக்கும். வீணாகப் போட்டுவிட்டால், உண்மையில் தேவைப்படும் வாரத்தில் அதன் வீரியம் குறைந்திருக்கும்.

இடமாற்றத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. குறைமாதக் குழந்தைக்குத் தாயின் வயிற்றைவிட நல்ல ஆம்புலன்ஸ் கிடையாது. "உங்களிடம் என்.ஐ.சி.யு. (பச்சிளங்குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவு) இருக்கிறதா?" என்று கேட்பதோடு நிறுத்தாமல், "இரண்டு குழந்தைக்கும் இப்போது இடம் இருக்கிறதா, இரண்டு வென்டிலேட்டர் இருக்கிறதா?" என்று கேளுங்கள். ஒரு படுக்கைதான் காலி என்றால் பிறந்த பிறகு ஒரு குழந்தையை வேறு ஊருக்கு அனுப்ப வேண்டிவரும். தாய் ஒரு பக்கம், பிள்ளைகள் ஆளுக்கொரு பக்கம் என்று ஆகிவிடும்.

48 மணி நேரம் முடிந்த பிறகு

வலி அடங்கிவிட்டால் மருந்தைத் தொடரலாமே என்று தோன்றும். தொடர்வதால் பிரசவம் தள்ளிப்போவதாகவோ குழந்தைகளுக்கு நன்மை என்றோ ஆதாரம் இல்லை. பக்கவிளைவு மட்டும் தொடரும். முழு ஓய்வு என்று வாரக்கணக்கில் படுக்க வைப்பதும் உதவுவதில்லை. காலில் ரத்தம் உறையும், தசையும் எலும்பும் தளரும். ஒருகாலத்தில் வாராவாரம் போட்ட புரோஜெஸ்டிரோன் ஊசி இரட்டையில் பலனளிக்கவில்லை. அமெரிக்காவில் அந்த ஊசிக்கான அனுமதியையே 2023-ல் திரும்பப் பெற்றுவிட்டார்கள். கர்ப்பப்பை வாய் குறுகிய பெண்ணுக்குப் பிறப்புறுப்பில் வைக்கும் புரோஜெஸ்டிரோன் மாத்திரை வேறு விஷயம். அதை வலி வருவதற்கு முன்பே, ஸ்கேன் அளவை வைத்து மருத்துவரோடு பேசி முடிவு செய்ய வேண்டும்.

வீட்டுக்கு அனுப்பும்போது மருத்துவரிடம் மூன்று விஷயங்களை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்: ஸ்டீராய்டு எந்தத் தேதியில் எந்த நேரத்தில் போட்டது, கர்ப்பப்பை வாயின் கடைசி அளவு, மீண்டும் வலி வந்தால் எந்த மருத்துவமனைக்குப் போவது. அடுத்த முறை நள்ளிரவில் புதிய மருத்துவர் பார்க்கும்போது இந்தச் சீட்டு நிறைய நேரத்தை மிச்சப்படுத்தும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை வயிறு இறுகினால், தண்ணீராகக் கசிந்தால், ரத்தம் பட்டால், இடுப்பில் கீழ்நோக்கி அழுத்தினால், காய்ச்சல் வந்தால், குழந்தைகளின் அசைவு குறைந்தால், மூச்சு வாங்கினால் உடனே கிளம்புங்கள். விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.